ஜூலை 5 போய்விட்டது, பயம் போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானிய காமிக்ஸ் புத்தகம் ஒன்றில், 2025 ஜூலை 5 அன்று பெரிய சுனாமி வரும் என்று எழுதியிருப்பதாகப் போன வருஷம் ஒரு வீடியோ பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது பயம். ஜூலை 4 ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்து ஒன்றும் ஆகவில்லை என்றதும் நிம்மதியில் அழுதே விட்டேன். ஆனால் அந்த மாதக் கடைசியில் ரஷ்யாவில் பூகம்பம், ஜப்பானில் சுனாமி எச்சரிக்கை என்று செய்தி வந்தது. "தேதிதான் தப்பு, விஷயம் சரி" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மறுபடி பழைய நிலைமைக்கு வந்துவிட்டேன். இப்போது பாபா வங்கா, நாஸ்ட்ரடாமஸ், 2029இல் ஒரு விண்கல், 2032இல் இன்னொன்று என்று தினமும் ராத்திரி தேடித் தேடிப் படிக்கிறேன். பொய் என்று யாராவது எழுதியிருந்தால் அன்றைக்குத் தூக்கம் வரும். மறுநாள் அதே கதை. அம்மாவிடம் சொன்னால் "கலி முத்திடுச்சு, வேறென்ன" என்கிறார். கணவர் சிரிக்கிறார். நகைச்சீட்டு எதற்கு, சேமிப்பு எதற்கு என்று தோன்றுகிறது. குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் 2026 முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். உண்மையிலேயே ஏதாவது நடக்கப்போகிறதா? இல்லை, எனக்குத்தான் மனநிலை சரியில்லையா? மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஏதாவது நடக்கப்போகிறதா என்ற முதல் கேள்விக்கு ஒரே ஒரு முறை பதில் சொல்கிறேன். அடுத்த மாதம் புதிதாக ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு எழுதினால் பதில் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஜப்பானிலிருந்து தொடங்கலாம். அந்தக் காமிக்ஸ் முதலில் 1999இல் வந்தது. அதன் அட்டையில் 2011 மார்ச்சில் பேரழிவு என்று ஒரு வரி இருந்தது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் உண்மையிலேயே பூகம்பமும் சுனாமியும் வந்ததால் புத்தகம் பிரபலமானது. 2021இல் வந்த மறுபதிப்பில்தான் 2025 ஜூலை சேர்ந்தது. போன வருஷம் அந்தப் பயத்தால் ஹாங்காங்கிலிருந்து ஜப்பானுக்குப் போகும் சில விமானங்களையே குறைத்தார்கள். எந்த நாளில் எங்கே பூகம்பம் வரும் என்று சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது என்று ஜப்பான் வானிலை நிறுவனம் விளக்கமும் கொடுத்தது. ஜூலை 5 சும்மா போனது. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் பூகம்பம் வந்தது. ஜப்பானில் எச்சரிக்கை ஒலித்தது, மக்கள் மேட்டுக்குப் போனார்கள், பெரிய சேதமில்லாமல் திரும்பி வந்தார்கள்.

உலகத்தில் 7க்கு மேற்பட்ட பூகம்பம் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து வருகிறது. பெரும்பாலானவை பசிபிக் பெருங்கடலைச் சுற்றித்தான். அதனால் எந்தத் தேதியைச் சொன்னாலும், முன்னே பின்னே சில வாரம் சலுகை கொடுத்தால், ஏதாவது ஒன்று அகப்படும். அடுத்த ஆண்டு பசிபிக் கரையோரம் எங்காவது பெரிய பூகம்பம் வரும் என்று நானும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். என்னை யாரும் தீர்க்கதரிசி என்று சொல்லிவிட வேண்டாம்.

பாபா வங்கா பல்கேரியாவைச் சேர்ந்த பார்வையற்ற பெண்மணி. 1996இல் இறந்துவிட்டார். அவர் தன் கையால் எதையும் எழுதி வைத்துப் போகவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் வெளியாகும் "அடுத்த ஆண்டுக்கான பாபா வங்கா பட்டியல்" யாரோ தயாரிப்பது. பிரான்ஸ் நாட்டு ஜோதிடர் நாஸ்ட்ரடாமஸ் விஷயம் கொஞ்சம் வேறு, அவர் நிஜமாகவே எழுதினார். 1555இல் தொடங்கி நூற்றுக்கணக்கான நான்கு வரிப் பாடல்கள். பெரும்பாலானவற்றில் ஆண்டும் கிடையாது, ஊரும் கிடையாது. எந்தச் சம்பவத்துக்கும் இழுத்துப் பொருத்தலாம். 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் இடிந்ததும், "நாஸ்ட்ரடாமஸ் அன்றே சொன்னார்" என்று ஒரு பாடல் உலகம் முழுக்க மின்னஞ்சலில் சுற்றியது. அதை எழுதியவர் கனடாவில் ஒரு கல்லூரி மாணவர், 1997இல். மழுப்பலாக நாலு வரி எழுதினால் எதற்கும் பொருந்தும் என்று காட்டத்தான் எழுதியிருந்தார். பாவம், அவர் சொன்னது அளவுக்கு மீறி நிரூபணமாகிவிட்டது.

விண்கற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் அறிவியலும் கலந்திருப்பதால்தான் உங்களைப் போலப் படித்தவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். 2029 கல்லின் பெயர் அபோஃபிஸ். முந்நூறு மீட்டருக்கு மேல் அகலம். 2004இல் கண்டுபிடித்தபோது, 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று ஒரு கணக்கு வந்தது. அந்தக் கணக்கு உச்சத்துக்கு வந்தது 2004 டிசம்பர் 27. முதல் நாள்தான் நம் கரையில் சுனாமி. அதனால் இங்கே யாருக்கும் அந்தச் செய்தி காதில்கூட விழவில்லை. பழைய வானப் படங்களைத் தேடி எடுத்துப் பாதையைச் சரியாகக் கணித்ததும் அந்த வாய்ப்பு அடிபட்டுப் போனது. 2021இல் ரேடார் வைத்து அளந்த பிறகு, இன்னும் நூறு ஆண்டுக்காவது இதனால் ஆபத்தில்லை என்று நாசா சொல்லிவிட்டது. 2029இல் அது சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் நம்மைக் கடந்து போகும். நம் நேரப்படி ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில். அன்றைக்குச் சித்திரை ஒன்று. பச்சடிக்கு மாங்காயும் வேப்பம்பூவும் வாங்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

2032 கல்லின் பெயர் 2024 ஒய்ஆர்4. அறுபது மீட்டர் அளவு இருக்கும். விழுந்தால் ஒரு நகரத்துக்கு நாசம், உலகத்துக்கு அல்ல. 2025 பிப்ரவரியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. சாத்தியமான பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் நம் டிவிக்காரர்கள் விடுவார்களா? பிறகு அந்த மாதம் முடிவதற்குள்ளேயே பூமிக்கு ஆபத்து ஏறத்தாழ இல்லை என்றாகிவிட்டது. இது ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். ஒரு கல்லைப் புதிதாகப் பார்க்கும்போது அது எங்கே போகும் என்பது ஒரு பெரிய பரப்பாகத்தான் தெரியும். அளக்க அளக்க அந்தப் பரப்பு சுருங்கும். பூமி இன்னும் அதற்குள்ளே இருக்கும்வரை சதவீதம் கூடிக்கொண்டே போகும். இன்னும் கொஞ்சம் சுருங்கி, பூமி அதற்கு வெளியே வந்ததும் சட்டென்று விழுந்துவிடும். ஆக, சதவீதம் கூடுவது கல் நெருங்கி வருவதால் அல்ல, அளவு துல்லியமாவதால். ஆனால் ஏறும்போது வரும் செய்தி உங்கள் போனுக்கு வந்து சேரும். இறங்கும்போது வருவது சேராது.

அம்மா சொல்லும் கலிக்கும் ஒரு கணக்கு உண்டு. மரபுக் கணக்குப்படி கலியுகம் 4,32,000 ஆண்டுகள். தொடங்கியது கி.மு. 3102இல். அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் இன்னும் நாலு லட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. கலி முத்தவில்லை, பிஞ்சுதான் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "கலி முத்திடுச்சு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் வெங்காய விலைக்கும் மருமகள் பேச்சுக்கும்தான். அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது நீங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் முடிந்தது. இத்தனையையும் படித்த பிறகு உங்களுக்கு ஒரு நிம்மதி வந்திருக்கும். இன்று ராத்திரி தூக்கமும் வரலாம். நாளை மறுநாள் இந்த நிம்மதி கரைந்துவிடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருப்பது திருப்பூரில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். எந்தச் சுனாமியும் அங்கே வராது. இது உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஜூலை 4 ராத்திரி தூங்கவில்லை. ஆக, இது தகவல் போதாமல் வந்த பயம் இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம் தகவலைப் போட்டு இதைத் தீர்க்கவும் முடியாது.

கடிதத்தில் நீங்களே நோயைச் சரியாக எழுதிவிட்டீர்கள். பொய் என்று யாராவது எழுதியிருந்தால் அன்றைக்குத் தூக்கம் வரும், மறுநாள் அதே கதை. கொசு கடித்த இடத்தைச் சொறிகிற மாதிரிதான் இது. சொறியும் நேரத்துக்குச் சுகம், அப்புறம் அரிப்பு கூடும். பயம் வருகிறது, தேடுகிறீர்கள், ஆறுதல் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை இப்படி நடக்கும்போதும் மூளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: "தேடியதால்தான் தப்பித்தோம்." அடுத்த முறை பயம் வந்தால் தேடாமல் இருக்க முடியாது. நான் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல மாட்டேன் என்றது இதனால்தான். நானும் உங்கள் தேடல் பட்டியலில் ஒரு இணையதளமாகிவிடக் கூடாது.

இப்படிப் பயந்தவர் நீங்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1910 மே மாதம் ஹாலி வால் நட்சத்திரத்தின் வால் வழியாகப் பூமி கடக்கும், அந்த வாலில் சயனோஜன் என்ற விஷ வாயு இருக்கிறது என்று செய்தி பரவியது. வாயு இருந்தது உண்மை, ஆனால் ஒன்றும் செய்ய முடியாத அளவுக்கு மெலிதாக. அமெரிக்காவில் வால் நட்சத்திர மாத்திரை என்று விற்றுக் காசு பார்த்தார்கள். இன்றைக்கு மாத்திரை இல்லை, வியூஸ். 1979 ஜூலையில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று இங்கே கிராமம் வரைக்கும் பேச்சு. உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார். அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. குப்பை போட்டதற்காக அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதி அனுப்பியது.

எனக்குப் பிடித்தது 1962. அந்த ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்ந்தன. அஷ்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியும் என்று நாடே நடுங்கியது. வடக்கே ஊருக்கு ஊர் யாகம் நடந்தது. நேரு சிரித்தார். ஆனால் அதே பிப்ரவரியில் 19ஆம் தேதி தொடங்கிப் பொதுத்தேர்தல். உலகம் அழியுமா என்ற பேச்சுக்கு நடுவே வேட்பாளர்கள் வீடு வீடாகப் போய் அடுத்த ஐந்து ஆண்டுக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்களும் யாகத்துக்கு நெய் கொடுத்துவிட்டு, ஓட்டும் போட்டார்கள். பயத்தையும் அன்றாட வேலையையும் ஒரே வாரத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரிந்த கூட்டம் நாம். உங்களிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். பயமே இல்லாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை.

அப்படிச் சேர்த்து வைக்கத் தெரியாமல் அவதிப்பட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி பைபிளை வைத்துக் கணக்குப் போட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று தேதி குறித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள். அறுவடை எதற்கு என்று பயிரை வயலிலேயே விட்டவர்களும் இருந்தார்கள். அக்டோபர் 23 வழக்கம்போல விடிந்தது, பின்னாலேயே பனிக்காலமும் வந்தது. நகைச்சீட்டை நிறுத்த வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த மாதத் தவணையைக் கட்டிவிடுங்கள், மனசு ஒத்துழைக்காவிட்டாலும் சரி.

"அப்படியானால் ஆபத்தே கிடையாதா, 2004இல் வரவில்லையா?" என்று கேட்பீர்கள். வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஆனால் அந்த டிசம்பர் 26ஐ எந்தத் தீர்க்கதரிசியும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. சுமத்ராவில் காலை ஆறரைக்கு நிலம் அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்ல ஆள் இல்லை, கருவி இல்லை. இப்போது ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிஜமான எச்சரிக்கை என்றால் இப்படித்தான் இருக்கும்: அளந்து சொல்வது, எங்கே போக வேண்டும் என்றும் சொல்வது. புவி வெப்பமாவது போன்ற ஆபத்துகளும் உண்மைதான். அவற்றில் நாம் செய்ய வேலை இருக்கிறது. தேதி மட்டும் சொல்லிவிட்டு, உங்களுக்குச் செய்ய ஒன்றும் வைக்காமல், அடுத்த வீடியோவைப் பார்க்கச் சொல்வது வேறு வகை.

இனி என்ன செய்வது? ராத்திரி போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். தேட வேண்டும் என்று கை பரபரக்கும்போது "தேடவே மாட்டேன்" என்று சபதம் எடுக்காதீர்கள், தோற்பீர்கள். "பதினைந்து நிமிடம் கழித்துத் தேடுகிறேன்" என்று தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் மாவு கரைக்கலாம், துணி மடிக்கலாம், மொட்டை மாடிக்குப் போய் நடக்கலாம். பரபரப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கும். அது தானாக இறங்குவதை உங்கள் உடம்பு ஒரு முறை பார்த்துவிட வேண்டும், அதுதான் மருந்து. பதினைந்து பழகியதும் அரை மணி ஆக்குங்கள். முதல் வாரம் பயம் கூடின மாதிரி இருக்கும். அதைப் பார்த்து விட்டுவிட வேண்டாம்.

கவலைப்படுவதற்கென்று சாயங்காலம் இருபது நிமிடம் ஒதுக்குவதும் உதவும். நோட்டில் எழுதிக் கவலைப்படுங்கள், போனில் அல்ல. ராத்திரி பத்து மணிக்கு 2032 ஞாபகம் வந்தால், "நாளைக்கு ஆறு மணிக்கு" என்று தள்ளிவிடலாம். இந்த மாதிரி வீடியோ வந்தால் திறந்து திட்டி கமெண்ட் போடாதீர்கள். விருப்பமில்லை என்பதை அழுத்துங்கள். திட்டினாலும் பார்த்தீர்கள் என்றுதான் அந்தச் செயலி கணக்கு வைக்கும். குடும்பக் குழுவை மியூட் செய்யுங்கள், வெளியேறினால் அதற்கு ஒரு பஞ்சாயத்து வரும். ஒவ்வொரு ஆரூடத்தையும் தேதியோடு எழுதி வைத்துப் பலித்ததா பாருங்கள் என்று சிலருக்குச் சொல்வதுண்டு. உங்களுக்கு வேண்டாம், அதுவும் தேடலாகிவிடும்.

கணவரிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். அவர் சிரிப்பதால் நீங்கள் தனியாகிறீர்கள். அதற்காக நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாலும் பயனில்லை, அவரே உங்களுக்குக் கூகுள் ஆகிவிடுவார். "பயமா இருக்கா? சரி, வா, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றால் போதும். விண்கல்லைப் பற்றி அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் குழந்தை விஷயம். கடிதத்தில் ஒற்றை வரியில் கடந்து போயிருக்கிறீர்கள், நான் அதிகம் யோசித்தது அந்த வரியைத்தான். குழந்தை வேண்டாம் என்பது ஒரு முடிவு, தாராளமாக எடுக்கலாம். வேண்டும் என்பதும் ஒரு முடிவு. கொஞ்ச நாள் கழித்து என்பதும் முடிவுதான். நீங்கள் மூன்றையும் எடுக்காமல் பாபா வங்காவிடம் விட்டு வைத்திருக்கிறீர்கள். ஒரு தேதியில் எல்லோருக்கும் எல்லாமே முடிந்துவிடும் என்றால் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை பாருங்கள், அதில் ஒரு சௌகரியம் உண்டு. இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை, பலருக்கும் இந்தப் பயம் இந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. உங்களுக்கும் அப்படித்தானா என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாது. பிரசவத்தை நினைத்துப் பயமா, வேலை போய்விடுமோ என்றா, வீட்டில் நெருக்கடியா, முன்னே ஏதாவது கசப்பான அனுபவமா, எதுவும் நீங்கள் எழுதவில்லை. ஒரு பேப்பரில் உங்களுக்காக மட்டும் எழுதிப் பாருங்கள்: உலகம் இன்னும் நூறு ஆண்டு நன்றாக இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், அப்போதும் குழந்தையைத் தள்ளிப்போடுவேனா? ஆம் என்று வந்தால், கணவரிடம் பேச வேண்டியது விண்கல்லைப் பற்றி அல்ல.

மனநிலை சரியில்லையா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பது பதற்றமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பத் தேடும் பழக்கமும். பைத்தியம் என்ற பயம் வேண்டாம். ஆனால் ஜூலையிலிருந்து இழுத்துக்கொண்டே வருகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, பண விஷயத்திலும் குடும்ப விஷயத்திலும் கை வைக்கிறது. அதனால் நேரில் ஒருவரைப் பார்ப்பது நல்லது. எண்ண நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன தள்ளிப்போடும் பயிற்சியை அதில் முறையாகக் கூடவே இருந்து செய்ய வைப்பார்கள். பலருக்கு அதுவே போதும். மாத்திரை வேண்டுமா என்பதை உங்களை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கொடுத்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சு குழந்தையைப் பற்றியும் இருப்பதால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் வாய்ப்பு இருக்கிறதா என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுக்க அது அவருக்குத் தெரிய வேண்டும். கடைக்காரரிடம் கேட்டுத் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

நேரில் போக இப்போதைக்குத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அவர்களிடம் விண்கல் விழுமா என்று கேட்காதீர்கள். தேடாமல் இருக்க முடியவில்லை என்று சொல்லுங்கள்.